மேல்தட்டில் முன் சீற்: லண்டன் பஸ்ஸில் பதின்மூன்று நாள்

லண்டனில் மூன்று கிழமை இருந்துவிட்டு வந்திருக்கிறேன் என்றால் கொழும்பு வெள்ளவத்தையில் ஒருவரும் முதலில் "என்ன பார்த்தீங்கள்?" என்று கேட்பதில்லை. "எவ்வளவு முடிஞ்சுது?" என்றுதான் கேட்கிறார்கள். பவுண் நானூறு ரூபா விற்கிற காலம், கேள்வியில் பிழை இல்லை. எங்கள் தொடர்மாடியில் மூன்றாம் மாடிப் பிள்ளை லிஃப்ட் கதவு மூடுவதற்குள்ளேயே கேட்டுவிட்டாள். அவளுக்கு ஆகஸ்டில் பயணம். லிஃப்டுக்குள் சொல்லி முடிகிற கதையா இது? எழுதித் தருகிறேன் என்றேன். எழுதத் தொடங்கினால் நீண்டுவிட்டது.

நான் முப்பத்தொரு வருஷம் புறக்கோட்டையில் ஒரு துணி மொத்தக் கடையில் கணக்கு எழுதினவள். வேலையை விட்டு நாலு வருஷமாகியும் கொப்பியும் பேனையும் கைப்பையை விட்டுப் போகவில்லை. லண்டனிலும் பஸ் ஏறிய நேரம், இறங்கிய நேரம், வெட்டுப்பட்ட காசு எல்லாம் எழுதி வைத்தேன். ஆகவே தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2025 ஜூன் மாதம் 13 நாள் வெளியே போனேன். ஒன்பது நாளைக்கு மூன்றரைப் பவுண் வீதம், நாலு நாளைக்கு 5 பவுண் 25 பென்ஸ் வீதம். மொத்தம் 52 பவுண் 50 பென்ஸ். பஸ் அட்டைக்கு 7 பவுண். கூட்டினால் 59 பவுண் 50 பென்ஸ். நம்முடைய காசில் 23,800 ரூபா.

விசாவும் விமானச் சீட்டும் இதில் இல்லை. அவை என் மகன் தலையில். படுக்கையும் இராச் சாப்பாடும் ஈஸ்ட் ஹாமில் தங்கச்சி வீட்டில். இதையெல்லாம் ஒளித்துவிட்டு 'நான் லண்டனை மலிவாகப் பார்த்தேன்' என்று சொன்னால் அது கள்ளக் கணக்கு. நான் சொல்ல வருவது ஒரு வீட்டில் தங்க இடம் கிடைத்த பிறகு, கையில் சொற்பக் காசோடு அந்த நகரத்தை எப்படிப் பார்ப்பது என்பதைத்தான். அதற்கு என் விடை ஒன்றே ஒன்று: சிவப்பு பஸ். மேல்தட்டு. கிடைத்தால் முன் சீற்.

போக முன்னம் கொழும்பில் ஒரு பயண முகவரிடம் விசாரித்தேன். 'ஒரு நாள் நகரச் சுற்று' என்று வண்ணத் தாள் ஒன்றை நீட்டினார். விலையைக் கண்டதும் அவர் வரவழைத்த தேத்தண்ணீரைக் குடிக்காமலே எழும்பினேன். அங்கே போய்ப் பார்த்தால் ஏறி இறங்கும் சுற்றுலா பஸ்களும் ஒரு நாளைக்கு முப்பது பவுணுக்கு மேல். அதுவும் மேல்தட்டு பஸ்தான், அதே தெருக்களால்தான் போகிறது. காதில் மாட்ட ஒரு வயர் தருவார்கள், அவ்வளவு வித்தியாசம்.

சுரங்க ரயில்? ஈஸ்ட் ஹாமிலிருந்து நடு லண்டனுக்கு பஸ்ஸை விடக் கிட்டத்தட்ட இரட்டிப்புக் காசு. விரைவாகப் போகும், உண்மை. ஆனால் நகரம் நெருங்கியதும் நிலத்துக்குள் பூந்துவிடும். காசு கொடுத்து இருட்டைப் பார்ப்பதற்கா நான் பத்து மணித்தியாலத்துக்கு மேல் விமானத்தில் குந்தியிருந்தேன்?

தங்கச்சிக்கு நான் தனியப் போவதில் விருப்பமில்லை. "அக்கா, நீங்கள் தனியப் போகாதேங்கோ. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கூட்டிக்கொண்டு போறம்" என்றாள். மூன்று கிழமையில் மூன்று ஞாயிறு. அதில் ஒன்று முருகன் கோயிலுக்கு, ஒன்று ஆரோ வீட்டுப் பூப்புனித நீராட்டு விழாவுக்கு. மிச்சம் ஒன்று. அவளும் மனுசனும் காலை ஆறரைக்கு வேலைக்குப் போனால், வீட்டில் நானும் வோஷிங் மெஷினும். இரண்டாம் நாளே கொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

முதல் பஸ்ஸிலேயே அவமானம். லண்டன் பஸ்ஸில் 2014 இலிருந்து காசு வாங்குவதில்லை. ஒரு மஞ்சள் வட்டத்தில் அட்டையைத் தொட வேண்டும். என்னிடம் கொழும்பில் ஒரு வங்கி 'உலகம் முழுக்க வேலை செய்யும்' என்று சொல்லித் தந்த அட்டை இருந்தது. தொட்டேன், சிவப்பு விளக்கு. திருப்பித் தொட்டேன், அதே. பின்னால் ஏழெட்டுப் பேர். சாரதி கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையைக் காட்டி உள்ளே போகச் சொன்னார். நல்ல மனுசன். ஆனால் டிக்கெட் இல்லாமல் போகிற பயணம் தொண்டையில் முள்ளு மாதிரி. இரண்டு தரிப்போடு இறங்கிவிட்டேன்.

இறங்கின இடத்தில் ஒரு மூலைக் கடை. வாசலில் ஒய்ஸ்டர் அட்டை (காசு ஏற்றி வைத்து பஸ்ஸில் தொடுகிற அட்டை) விற்கிறோம் என்று நீல அடையாளம், உள்ளே சாமிப்படம், காசுப் பெட்டிக்குப் பின்னால் நம்முடைய பொடியன் ஒருவன்.

"அக்கா எந்த இடம்?"

"வெள்ளவத்தை."

"அது சரி, ஊர்?"

"சாவகச்சேரி."

"அப்ப சொல்லுங்கோவன்!" தனக்குப் பக்கத்து ஊரான கொடிகாமம் என்றான். அட்டைக்கு அப்போது 7 பவுண், அது திரும்ப வராது. மேலே 20 பவுண் ஏற்றினேன். போடுகிற காசு காலாவதியாகாது, ஆனால் ஒரு நேரத்தில் ஓர் ஆளுக்கு ஒரு அட்டைதான் என்று விளக்கிவிட்டு, அட்டையைப் போட்டு வைக்க ஒரு பிளாஸ்டிக் உறையும் சும்மா தந்தான். இங்கிருந்து போகிறவர்களுக்கு என் புத்திமதி: உங்கள் வங்கி என்ன சொன்னாலும் முதல் வேலையாக இந்த அட்டையை வாங்குங்கள். வங்கி அட்டை வேலை செய்தாலும் நாணய மாற்றுக்கென்று அவர்கள் தங்கள் பங்கை வெட்டுவார்கள்.

இனிக் கட்டணம். 2025 ஜூனில் ஒரு தரம் தொட்டால் 1 பவுண் 75 பென்ஸ். தூரத்துக்குக் கணக்கில்லை. ஒரு தரிப்புப் போனாலும் அதுதான், கடைசித் தரிப்பு வரை போனாலும் அதுதான். இறங்கும்போது தொடத் தேவையில்லை. அழகு இனித்தான்: முதல் தொட்டதிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் எத்தனை பஸ் மாறி ஏறினாலும் மேற்கொண்டு ஒரு சதமும் எடுக்கமாட்டார்கள். 2016 இல் ஒரு தரம் மட்டும் மாறலாம் என்று தொடங்கி, 2018 இல் எத்தனை தரமும் என்று ஆக்கிய ஏற்பாடு. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ஹொப்பர்' கட்டணம். ஹொப்பர் என்றால் கொழும்பில் அப்பம். தங்கச்சி வீட்டில் அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. பின்னேரம் பெறாமகள் வந்ததும் வராததுமாகக் கேட்பாள்: "இண்டைக்கு எத்தனை அப்பம் பெரியம்மா?" இரண்டு என்றால் மூன்றரைப் பவுண். மூன்றுக்கு மேல் போகாது. ஒரு நாளில் 5 பவுண் 25 பென்ஸ் வந்ததும் கணக்கு நின்றுவிடும், அதற்குப் பிறகு ஏறுவதெல்லாம் ஓசி. திங்கள் முதல் ஞாயிறு வரையும் ஒரு உச்சம் உண்டு, அப்போது 24 பவுண் 70 பென்ஸ். அவ்வளவுக்கு நான் ஒரு கிழமையும் போகவில்லை.

அந்த ஒரு மணித்தியாலம் என்பது கடைசி பஸ்ஸைத் தொடுகிற நேரம் வரைக்கும்தான், இறங்குகிற நேரம் வரைக்கும் இல்லை. இதை விளங்கிக்கொள்ள எனக்கு இரண்டு நாள் எடுத்தது. ஐம்பத்தெட்டாம் நிமிஷத்தில் தொட்டு ஏறிவிட்டால் அந்த பஸ் பிறகு ஒன்றரை மணித்தியாலம் ஊர்ந்தாலும் கேள்வி இல்லை. மற்றப் பக்கமும் சொல்ல வேண்டும். ஆல்ட்கேட்டில் ஒரு நாள் தூறல். தெருவோரம் குடை விற்றவனோடு பேரம் பேசி ஒரு பவுண் குறைத்தேன். புளுகத்தோடு அடுத்த பஸ்ஸைத் தொட்டால் நேரம் அறுபத்துநாலு நிமிஷம். இன்னொரு 1 பவுண் 75 போயிற்று. குடையில் ஒரு பவுண் இலாபம், பஸ்ஸில் ஒன்றே முக்கால் நட்டம். கணக்குப்பிள்ளை என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது.

சரி, பாதை. ஈஸ்ட் ஹாம் நகர மண்டபம் சிவப்புக் கல் கட்டடம், மேலே மணிக்கூட்டுக் கோபுரம். அதற்குக் கிட்ட 115 ஏறலாம். அது பார்க்கிங் (Barking) றோட் வழியாக ஆல்ட்கேட் வரை போகும். பலர் கடைசி வரை போய் அங்கே மாறுவார்கள். அப்படிச் செய்தால் நெரிசல் நாளில் ஹொப்பர் தவறலாம். நான் பொப்லரில் இறங்கி 15 பிடிப்பேன். இரண்டு பஸ்ஸும் அங்கே ஒரே தெருவால் போகின்றன. 15 அதற்குச் சற்று முன்னால் பிளாக்வோலில்தான் புறப்படுகிறது, ஆகவே பொப்லருக்கு வரும்போது மேல்தட்டு வெறுமையாகவே இருக்கும். முன் சீற் கிடைக்கும். இந்த ஒரு தகவலுக்காகவே மூன்றாம் மாடிப் பிள்ளை எனக்கு ஒரு நெய்த்தோசை வாங்கித் தரலாம்.

முன் சீற்றில் இருந்தால் கண்ணாடி கால்நுனியிலிருந்து தலைக்கு மேல் வரை. கீழே பஸ்ஸின் மூக்கு தெரியாது. திரும்புகிற ஒவ்வொரு தரமும் எதிர்க் கட்டடத்தின் இரண்டாம் மாடிக்குள் நேரே போய் விழுவோம் போல இருக்கும், கடைசி நொடியில் வளையும். மரக்கொப்புகள் சடசடவென்று கண்ணாடியில் அடிக்கும். முதல் தரம் நான் குனிந்தேன். பக்கத்துச் சீற்றில் பள்ளிக்கூட உடுப்போடு ஒரு சின்னப் பொடியன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அவன் இரண்டு கையாலும் இல்லாத ஸ்டீயரிங்கைப் பிடித்து ஓட்டிக்கொண்டிருந்தான். நானும் ஓட்டிக்கொண்டுதான் இருந்தேன், கை மட்டும் மடியில்.

ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு இது புதிது இல்லை. 1958 இல் இலங்கைப் போக்குவரத்துச் சபை தொடங்கிய பிறகு லண்டனில் ஓடிக் களைத்த இரண்டு தட்டு பஸ்களை நூற்றுக்கணக்கில் இங்கே கொண்டுவந்தார்கள். நான் சின்னவளாக இருந்த காலத்தில் காலி வீதியில் அவை ஓடின. அப்பா கோட்டையில் கிளாக்கர். சனிக்கிழமை அரைநாள் வேலைக்குப் போகும்போது சில நேரம் என்னையும் கூட்டிப் போவார், மேல்தட்டில் முன்னால் இருத்துவார். பம்பலப்பிட்டி தாண்டினால் வலது பக்கத்துத் தென்னைகளும் மதில்களும், இடது பக்கம் ஒழுங்கைகளுக்கு முடிவில் துண்டு துண்டாகக் கடலும். "இந்த பஸ் லண்டனில் ராணி வீட்டுக்கு முன்னால ஓடினது" என்று அப்பா சொல்வார். நான் நம்பவில்லை. அறுபத்துமூன்று வயதில், பொப்லரில் அந்தச் சீற்றில் இருந்தபோது, அவர் சொன்னதில் பாதியாவது சரி என்று பட்டது. அப்பா லண்டனைக் கண்டதில்லை.

15 இன் பாதையில் கொமர்ஷல் றோட் முழுக்கத் துணி மொத்தக் கடைகள். எனக்குப் புறக்கோட்டை ஞாபகம் வந்து, கண்ணாடியில் மூக்கை வைத்து விலை வாசித்தேன். ஆல்ட்கேட் தாண்டியதும் இடது பக்கம் டவர் ஒஃப் லண்டன், கோஹினூர் வைரம் இருக்கிற இடம். உள்ளே போக முப்பது பவுணுக்கு மேல். அந்தக் கோட்டையை பஸ்ஸின் மேலிருந்து நான் போக வர எத்தனையோ தரம் பார்த்தேன், உள்ளே ஒரு தரமும் போகவில்லை. கோஹினூரைக் காணாத குறை எனக்கு இல்லை. பிறகு மொனியுமென்ட், கனன் ஸ்ட்ரீட், திடீரென்று வலது பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டு சென் போல்ஸ் பேராலயம். பிறகு ஃப்ளீட் ஸ்ட்ரீட், நீதிமன்றக் கோபுரங்கள், ஸ்ட்ராண்ட், கடைசியில் டிரஃபால்கர் சதுக்கம். சுற்றுலா பஸ்ஸில் காதுக்குள் சொல்கிற பெயர்களை இங்கே பஸ்ஸே சொல்கிறது. ஒவ்வொரு தரிப்புக்கும் ஒரு பெண் குரல். நான் முப்பத்தொரு வருஷமாக ஆங்கிலக் கணக்கு எழுதியும் பிழையாகவே உச்சரித்துவந்த பெயர்களை அவள் திருத்தினாள்.

சென் போல்ஸை உள்ளே பார்க்கவும் இருபத்தைந்து பவுணை ஒட்டிய கட்டணம். ஆனால் பின்னேரப் பிரார்த்தனைக்குப் போனால் காசு இல்லை. ஐந்து மணிக்கு, சனம் குறைவு. படம் எடுக்கக்கூடாது, சுற்றித் திரியக்கூடாது, இருந்து கேட்க வேண்டும். நான் சைவக்காரி, இருந்தாலும் கொட்டாஞ்சேனை புனித லூசியா பேராலயத்தில் சிநேகிதிகளோடு எத்தனையோ தரம் இருந்திருக்கிறேன், எழும்ப வேண்டிய இடத்தில் எழும்பத் தெரியும். அந்தக் குவிமாடத்துக்குக் கீழே பாட்டுக் குழுவின் குரல் மேலே போய் நேரம் கழித்துத் திரும்பி வருகிறது. முக்கால் மணித்தியாலம். அந்த நாளில் என் கொப்பியில் செலவு: 3 பவுண் 50. வெஸ்ட்மின்ஸ்டர் அபேயிலும் இப்படிப் போகலாம்.

டிரஃபால்கரில் இறங்கினால் முன்னால் தேசிய ஓவியக் கூடம். அதுவும் இலவசம். வான்கோவின் சூரியகாந்தி இங்கே இருக்கிறது. படங்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம், அதனால் கதைக்கமாட்டேன். ஆனால் என் வயதுக்காரிகளுக்கு ஒரு பெரிய உண்மை: லண்டனில் தெருவில் கழிவறை தேடுவது வெள்ளவத்தைச் சந்தையில் கார் நிறுத்த இடம் தேடுவது மாதிரி. இந்த இலவச அருங்காட்சியகங்கள் எல்லாவற்றிலும் துப்புரவான கழிவறை உண்டு, தண்ணீர்ப் போத்தல் நிரப்பலாம், இருக்க வாங்கு உண்டு. என் பயணப் பாதையே இவற்றை வைத்துத்தான் போட்டது. கலைக்காக வந்தேன் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

மத்தியானச் சாப்பாடு தங்கச்சி கட்டித் தருகிற புட்டும் சம்பலும். சதுக்கத்துப் படியில் இருந்து சாப்பிட்டேன். புறாவுக்குப் போடக்கூடாது, அங்கே தடை. புட்டு இல்லாத நாளில் சுப்பர்மார்க்கெட்டில் ஒரு சாண்ட்விச், ஒரு சின்னப் பொதி, ஒரு குடிபானம் மூன்றும் சேர்த்து நாலு பவுணுக்குள். குளிர்ந்து விறைத்த பாண், பசிக்குப் பரவாயில்லை. ஒரு அருங்காட்சியகச் சிற்றுண்டிச்சாலையில் தேத்தண்ணீர் விலை கேட்டு, நானூறால் பெருக்கி, மெதுவாகப் பின்னால் நகர்ந்தேன். நானூறால் பெருக்குகிற பழக்கத்தை ஒரு கிழமைக்குள் விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் தொண்டையால் இறங்காது. பஸ்ஸுக்கும் அப்படித்தான். 1 பவுண் 75 என்றால் எழுநூறு ரூபா. இங்கே அப்போது குறைந்த கட்டணம் 27 ரூபா. அந்தக் காசுக்குக் காலி வீதியில் இருபத்தைந்து தரம் ஏறி இறங்கலாம். (முப்பது கொடுத்தால் மூன்று ரூபா திரும்பி வராது என்பதையும் கணக்கில் எடுத்தால் இருபத்துமூன்று தரம்.)

டிரஃபால்கரிலிருந்து 24 ஏறினால், ஹொப்பர் முடியாத வரை சும்மா, பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் விடும். நூறு வருஷத்துக்கு மேல் ஏறக்குறைய ஒரே பாதையில் ஓடுகிற பஸ் அது. மியூசியத்தில் பெட்டி பெட்டியாக எகிப்தியப் பிணங்கள் இருக்கின்றன. சனம் முழுக்க அங்கே. நான் போனது 33ஆம் அறைக்கு.

அங்கே தாரா நிற்கிறாள், பௌத்தப் பெண் தெய்வம். வெண்கலத்தில் வார்த்துப் பொன் பூசிய உருவம், 143 சென்றிமீற்றர். பீடத்திலிருந்து இறக்கிப் பக்கத்தில் நிறுத்தினால் என் காதளவுக்கு வருவாள். எட்டாம் நூற்றாண்டு. மேலுடம்பில் துணி இல்லை, இடுப்புக்குக் கீழே உடம்போடு ஒட்டிய சேலை, உயர்ந்த கொண்டை. வலது கை வரம் கொடுக்கிற பாவனையில் கீழே திறந்திருக்கிறது. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் எங்கோ கண்டெடுத்ததாம். இலங்கையில் தேசாதிபதியாக இருந்த பிரவுன்றிக் 1830 இல் மியூசியத்துக்குக் கொடுத்திருக்கிறார். கண்டி வீழ்ந்த காலத்துத் தேசாதிபதி அவர்தான்.

அந்தக் கரையோரத்தால் நான் பஸ்ஸில் போயிருக்கிறேன். மணல், பனை, களப்பு, வெக்கை. இவள் அந்த வெக்கைக்குச் செய்யப்பட்டவள், உடுப்பைப் பார்த்தாலே தெரிகிறது. முன்னால் ஒரு வாங்கு இல்லை, அதனால் நின்றுகொண்டே பார்த்தேன். பாதுகாவலர் ஒருவர் வந்து எந்த நாடு என்று கேட்டார். இலங்கை என்றேன். "அப்படியென்றால் உங்கள் ஆள்" என்றார் சிரித்துக்கொண்டு. நானும் சிரித்தேன். கொப்பியை எடுத்தேன். நுழைவுக் கட்டணம் பூச்சியம் என்று எழுத வேண்டும். வரவுப் பக்கமா செலவுப் பக்கமா என்று தெரியாமல் அந்த வரியை வெறுமையாக விட்டுவிட்டு வந்தேன். இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

இரண்டாம் தரமும் போனேன், அவளிடம் மட்டும்.

மற்றப் பாதைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 9 ஆம் இலக்கம் பிக்கடில்லி, ஹைட் பார்க் மூலை, ஆல்பர்ட் மண்டபம் என்று பணக்கார வீடுகளுக்குள்ளால் போகும். 11 வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்து செல்சி வழியாக. கடை ஜன்னல்களைப் பார்க்கலாம், இறங்கத் தேவையில்லை. 474 ஈஸ்ட் ஹாமிலிருந்து தெற்கே நோர்த் வூலிச் போகும். அங்கே தேம்ஸைக் கடக்க ஒரு படகு, லொறிகளையும் ஏற்றும், ஆட்களையும் ஏற்றும், 1889 இலிருந்து காசு இல்லை. ஆற்றுப் படகுச் சவாரிக்கென்று மற்ற இடத்தில் வாங்குகிற காசை நினைத்தால் இது கோயில் அன்னதானம். சில நிமிஷப் பயணம்தான், ஆனால் காற்று உண்டு.

155 கதையைச் சொல்லாமல் விடமாட்டேன். வெள்ளவத்தையில் ஏறி, கொட்டாஞ்சேனையில் இறங்கி, திரும்பவும் ஏறி வாழ்க்கையைக் கழித்த தமிழர் எல்லாருக்கும் 155 தெரியும். லண்டனிலும் ஒரு 155 ஓடுகிறது, எலிஃபன்ட் அண்ட் காஸிலிலிருந்து டூட்டிங்குக்கு. டூட்டிங் என்றால் நம்முடைய ஆட்கள் நிறைந்த இடம். இதை அறிந்த பிறகு ஏறாமல் இருக்க முடியுமா? தங்கச்சியின் மனுசன் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "காரில போனாலே ஒண்டரை மணித்தியாலம்" என்றார். 115, 15, டிரஃபால்கரில் 12, பிறகு 155. போய்ச் சேர இரண்டே முக்கால் மணித்தியாலம், இரண்டு அப்பம். டூட்டிங்கில் இறங்கி மீன் ரோல் ஒன்றும் தேத்தண்ணீரும். கடைக்காரர் சில்லறை எண்ணும்போது கேட்டார்: "எங்கயிருந்து வாறியள்?" "155 இல வந்தனான்" என்றேன். அவருக்கு விளங்கியது. "இஸ்ஸரஹட்ட யன்ன!" (முன்னால போங்கோ!) என்று கொழும்புக் கொண்டக்டர் குரலில் சிங்களத்தில் கத்தினார். கடையில் நின்ற வெள்ளைக்காரப் பெண் திடுக்கிட்டுப் போனாள்.

குறைகளையும் சொல்லாவிட்டால் மதிப்புரை ஆகாது. முதலாவது, மெது. அவசரம் இருக்கிறவர் இந்தப் பக்கமே வரக்கூடாது. காலை எட்டு மணிக்கு நடு லண்டனில் பஸ்ஸை நடந்தே முந்தலாம். நான் பத்து மணிக்கு முன்னால் புறப்படவில்லை. இரண்டாவது, மேல்தட்டில் வெயில் நாளில் அடுப்பு. குளிர் நாடு என்று கம்பளிச் சட்டையோடு போனவள் நான். மூன்றாவது, படி. பஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது இறங்க வேண்டும், வளைந்த படி. முழங்கால் பலவீனமானவர்கள் உங்கள் தரிப்புக்கு ஒரு தரிப்பு முந்தியே மணியை அடித்துவிட்டு, பஸ் நிற்கிற நேரம் பார்த்து இறங்கிக் கீழ்த்தட்டில் நில்லுங்கள். சக்கர நாற்காலிக்குக் கீழே சாய்தளமும் இடமும் எல்லா பஸ்ஸிலும் உண்டு. அந்த ஒரு விஷயத்தில் நாம் நூறு வருஷம் பின்னால் நிற்கிறோம்.

நாலாவது, நடுவழியில் கைவிடுதல். ஒரு நாள் ஒரு பஸ்ஸில், இலக்கம் வேண்டாம், அந்தப் பெண் குரல் திடீரென்று இந்த பஸ்ஸின் முடிவிடம் மாறிவிட்டது என்றாள். எல்லாரும் ஒரு சொல் பேசாமல் எழும்பி இறங்கினார்கள். கொழும்பென்றால் ஒரு சிறு பாராளுமன்றம் கூடியிருக்கும். நான் மட்டும் சாரதியிடம் போய் ஏன் என்று கேட்டேன். பின்னால் வருகிற பஸ்ஸில் ஏறச் சொன்னார். ஏறினேன், ஹொப்பர் உயிரோடு இருந்ததால் காசு போகவில்லை. இருந்தாலும் முன் சீற் போய்விட்டது.

ஐந்தாவதைக் குறை என்று சொல்லலாமா தெரியவில்லை. ஒருவரும் கதைப்பதில்லை. கொண்டக்டர் இல்லை, பாட்டு இல்லை, கடலைக்காரன் ஏறுவதில்லை, சாரதிக்கு மேலே பிள்ளையாரும் புத்தரும் மின்விளக்குப் போட்டு இருப்பதில்லை. மேல்தட்டில் நாற்பது பேர், நாற்பது ஃபோன். ஈஸ்ட் ஹாமில் ஓடுகிற 101 மட்டும் விதிவிலக்கு. அதில் தமிழ் கேட்கும், மரக்கறி விலை கேட்கும், யாரோ வீட்டுக் கலியாணப் பிரச்சினை முழுவதும் கேட்கும். இங்கேயும் 101 உண்டு, மொரட்டுவைக்குப் போவது. அதிலும் இதெல்லாம் கேட்கும்.

கொழும்புக்குத் திரும்பி வந்து மூன்றாம் நாள் இரண்டு தரிப்புத் தள்ளிப் போக 100 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினேன். கையில் அந்த நீல அட்டை. கொண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பழக்க தோஷம் என்று சொல்ல எனக்குச் சிங்களத்தில் சொல் வரவில்லை. முப்பது ரூபா கொடுத்தேன். மூன்று ரூபா திரும்பி வரவில்லை.

மூன்றாம் மாடிப் பிள்ளைக்கு அட்டையைக் கொடுத்துவிட்டேன். மொத்தம் ஏற்றியது 55 பவுண், போனது 52 பவுண் 50. ஆக அதற்குள் 2 பவுண் 50 பென்ஸ் கிடக்கிறது: ஒரு அப்பமும் 75 பென்ஸும். 7 பவுண் அவளுக்கு மிச்சம். புருஷனுக்கு வேறு அட்டை வாங்க வேண்டும், இரண்டு பேருக்கும் ஒன்றைத் தொட முடியாது என்று சொல்லியிருக்கிறேன். செப்டெம்பரில் திரும்பி வந்ததும் அட்டை என் கைக்கு வர வேண்டும், உறையோடு.